மாறும் முதுகும் மாறாச் சேணமும்

“கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்” என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. உண்ண முந்துபவன் உழைக்கப் பிந்தும்போது அவனை இடித்துரைக்க இதனை எடுத்தாள்கிறோம். பழமொழி சுட்டும் மனித இயல்பில் ஐயமில்லை. ஆயின், அதிலே குற்றவாளியாக நிறுத்தப்பட்ட குதிரையின் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. கொள்ளுக்கு வாய் திறந்த குதிரை கடிவாளத்துக்கு ஏன் வாய் மூடிற்று? சோம்பலாலா, அல்லது முன்னொரு நாள் அக்கடிவாளம் அதன் வாயைப் புண்படுத்தியதாலா? இவ்வினாவைச் சேணத்துக்கும் எழுப்பலாம். நேற்றுவரை அமைதியாக நின்ற குதிரை இன்று சேணத்தைக் கண்டதும் காதை மடிக்கிறது, கடிக்க வருகிறது, வார் இறுக்கும்போது காலை உதைக்கிறது. “குதிரை கெட்டுவிட்டது” என்கிறான் உடையவன். குதிரை கெடவில்லை, அதன் முதுகு மாறிவிட்டது, சேணம் மாறவில்லை. இச்சிறு உண்மையையும் அதற்குரிய பரிகாரத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்தவர்கள் கோயில் வேட்டைத் திருவிழாவிலே குதிரை வாகனத்தைக் கண்டு களித்திருப்பர். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் அந்த மரக்குதிரையின் முதுகிலே திருவாசி பூட்டும் இடத்தை ஆசாரி ஒருமுறை அளந்து செதுக்கினால் போதும். பாட்டன் காலத்து அளவு பேரன் காலத்திலும் பொருந்தும். உயிர்க்குதிரையின் முதுகு அத்தகையதன்று. அது தின்னும், மெலியும், வளரும், மூக்கும், நோயுறும். மரக்குதிரைக்கு அளவெடுப்பதுபோல உயிர்க்குதிரைக்கும் ஒருமுறை அளந்து விட்டுவிடுவதே தவறுகளின் தொடக்கம்.

குதிரையும் நாமும்

தென்னகமும் ஈழமும் குதிரைகளைப் பெரும்பாலும் கடல்வழியாகப் பெற்ற நாடுகள். அநுராதபுரத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் குதிரை வாணிகன் ஒருவனின் மைந்தர் என்று மகாவம்சம் கூறும். அநுராதபுரத்துச் சந்திரவட்டக் கற்களிலே யானை, சிங்கம், எருது ஆகியவற்றோடு குதிரையும் வரிசையாக ஓடுகின்றது. பாண்டி நாட்டிலே மாணிக்கவாசகர் குதிரை வாங்கச் சென்ற வரலாற்றை நம் மாணவர் யாவரும் அறிவர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு துயரச் செய்தியை எழுதி வைத்துள்ளார். பாண்டிய மன்னனும் அவன் உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார்களென்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் அவர் கூறுகிறார். பேணத் தெரியாமையே அதற்குக் காரணமாம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். எனினும் குதிரையை விலைகொடுத்து வாங்கலாம், குதிரையைப் பேணும் அறிவை அவ்வாறு கப்பலில் இறக்கிவிட முடியாது என்னும் பாடம் அதிலே அடங்கியுள்ளது.

“இக்காலத்துக் கொழும்பிலே குதிரைக்கு என்ன வேலை?” என்று இளைய மாணவர் கேட்கலாம். நம் மூத்த பழைய மாணவர்களுக்கு அக்கேள்வி எழாது. காலிமுகத் திடலில் நடைபெற்று வந்த குதிரைப் பந்தயம் 1893இல் கறுவாத்தோட்டத்துப் பந்தயத் திடலுக்கு மாறிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, அத்திடலே விமான நிலையமாகி, அங்கிருந்து போர் விமானங்கள் எழுந்தன. 1956இல் கொழும்பிற் பந்தயம் நின்றது. பல்கலைக்கழகத்துக்கு அயலிலுள்ள அத்திடல் இன்று றகர் விளையாட்டுக்கு உரியதாயிற்று. ஆயினும் குதிரை நம்மைவிட்டு முற்றாக நீங்கவில்லை. பொலிசாரின் குதிரைப் பிரிவு கொழும்பிலே இயங்குகிறது. நுவரெலியாவில் சித்திரை மாதப் பந்தயம் தொடர்கிறது. கிறெகறி வாவிக் கரையிலே சிறுவர்களையும் உல்லாசப் பயணிகளையும் ஏற்றித் திரியும் குதிரைகளை விடுமுறைக்குச் சென்ற நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நம் பிள்ளைகளை அவற்றின் மீது ஏற்றிப் படமும் எடுத்திருக்கிறோம். ஆதலின் அவற்றின் முதுகு நமக்குத் தொடர்பற்றதன்று.

முதுகின் அமைப்பு

சேணம் எங்கே அமரவேண்டும் என்பதை அறிய, முதலில் குதிரையின் முதுகை அறிதல் வேண்டும். குதிரைக்குப் பெரும்பாலும் பதினெட்டுச் சோடி விலாவெலும்புகள் உண்டு. அவை முதுகந்தண்டின் பதினெட்டு முள்ளெலும்புகளோடு இணைந்துள்ளன. தோள்களுக்கு நடுவே, கழுத்தும் முதுகும் கூடுமிடத்தில், அம்முள்ளெலும்புகளின் முனைகள் நீண்டு உயர்ந்து ஒரு மேடாகத் தோன்றும். இதனைப் பிடர்மேடு என்று இங்கே அழைப்போம்.

மனிதருக்கு உள்ள காறையெலும்பு குதிரைக்கு இல்லை. ஆகவே அதன் தோட்பட்டை எலும்பு உடற்கூட்டோடு எலும்புப் பூட்டினால் இணைக்கப்படவில்லை, தசைகளாலேயே தாங்கப்படுகிறது. முன்னங்கால் முன்னே நீளும்போது தோட்பட்டையின் மேல் விளிம்பு பின்னோக்கிச் சுழன்று வரும். சேணத்தின் முன்பகுதி இவ்விளிம்பின்மீது ஏறி அமர்ந்தால், ஒவ்வோர் அடியிலும் எலும்பு சேணத்தில் இடிக்கும். ஆதலின் சேணம் தோட்பட்டைக்குப் பின்னே தொடங்கவேண்டும். கடைசி விலாவுக்கு அப்பால் முதுகைக் கீழிருந்து தாங்க விலாவெலும்பு இல்லை; எனவே அதன் எல்லைக்குள் சேணம் முடியவேண்டும். நடுவே ஓடும் முள்ளெலும்பின் முனைகள்மீது சுமை சிறிதும் படலாகாது. அவற்றின் இருமருங்கும் நீண்டு கிடக்கும் தசைகளே சுமை தாங்குவதற்குரியவை. இவ்வளவு பெரிய விலங்கிலே மனிதனுக்கு உரிய இடம் மிகச் சிறியது என்பதை இதிலிருந்து உணரலாம்.

சேணத்தின் அமைப்பு

வெளியிலே தோல் ஒன்றே தெரிந்தாலும், சேணத்தின் உயிர்நாடி அதனுள்ளே இருக்கும் சட்டம். அது மரத்தாலோ உலோகத்தாலோ இக்காலத்துச் செயற்கைப் பொருளாலோ ஆனது. சட்டத்தின் முன்பகுதி கவிழ்த்த வளைவாகப் பிடர்மேட்டைத் தாண்டி நிற்கும். அவ்வளைவின் அகலமும் கோணமும் குதிரையின் தோளோடு ஒத்திருக்க வேண்டும். சட்டத்தின் அடியிலே இரண்டு நீண்ட மெத்தைகள் உள்ளன. பெரும்பாலும் கம்பளி மயிர் திணிக்கப்பட்ட இம்மெத்தைகளே முதுகைத் தொடுவன. அவ்விரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு விரற்கடை அகலமான சால் ஒன்று சேணத்தின் முழு நீளத்துக்கும் ஓடும். முள்ளெலும்பின் முனைகள் அச்சாலின் கீழே தீண்டப்படாமல் இருக்கும். வயிற்றைச் சுற்றிவரும் வார் சேணத்தை நிலைநிறுத்துகிறது. பொருந்தாத சேணத்தை இறுக்கிப் பொருத்துவது அவ்வாரின் வேலையன்று.

சேணத்தின் பயன் சுமையைப் பரப்புதலே. எளிய கணக்கொன்று போடுவோம். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து 70 கிலோகிராம் எனவும், மெத்தைகள் முதுகிலே 1,000 சதுர சென்ரிமீற்றர் பரப்பைத் தொடுகின்றன எனவும் கொள்வோம். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் 70 கிராம் தாங்கினால் போதும். பொருத்தம் கெட்டு 200 சதுர சென்ரிமீற்றர் மாத்திரம் தொட்டால், அச்சுமை 350 கிராமாகிறது. குதிரை பாய்ந்து ஓடும்போது முதுகில் விழும் விசை நிற்கும்போது உள்ளதைவிட இருமடங்குக்கு மேலாகும். குதிரை அதே குதிரை; ஏறுபவர் அதே மனிதர். தொடும் பரப்பு ஒன்றே மாறிற்று, சுமை வாதையாயிற்று.

பந்தயக் குதிரையில் வைக்கப்படும் சேணமோ இதற்கு விலக்கு. அது ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த சிறு பொருள். பந்தயவீரர் அதன்மீது அமர்ந்து ஓட்டுவதில்லை. அங்கவடியிலே கால் ஊன்றி எழுந்தே நிற்கிறார். ஓட்டமும் சில நிமிடங்களில் முடிகிறது. ஆகவே பந்தயத்திலே பெரிதாக உணரப்படாத குறை, அக்குதிரை பந்தயத்தைவிட்டு நாள் முழுவதும் ஆட்களைச் சுமக்கும் வேலைக்கு வந்தபின் வெளிப்படும்.

முதுகு ஏன் மாறுகிறது?

முதற் காரணம் வயது. பந்தயக் குதிரைகள் இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகின்றன. குதிரையின் முதுகந்தண்டோ ஐந்தாறு வயது வரை முதிர்ச்சியடைந்து கொண்டிருக்கும். வளரும் பிள்ளைக்கு வெள்ளவத்தைத் தையற்காரர் மடிப்பு விட்டுத் தைத்த காற்சட்டையும் அடுத்த தைப்பொங்கலுக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுவதை நாம் அறிவோம். பிள்ளை வளர்ந்ததற்காக அவனை யாரும் கண்டிப்பதில்லை. மடிப்பை அவிழ்த்து விடுகிறோம். மறுகோடியிலே முதுமை வருகிறது. கிழக்குதிரையின் முதுகு நடுவே தாழ்ந்து, பிடர்மேடு துருத்தி நிற்கும்.

இரண்டாவது காரணம் வேலை. முறையான பயிற்சியால் முதுகுத் தசைகள் திரண்டு அகலும். நோயினாலோ ஓய்வினாலோ வேலை நின்றால் அவை வற்றும். மூன்றாவது காரணம் உணவும் பருவமும். இதற்கு நம் நெடுந்தீவைவிடச் சிறந்த சான்று வேண்டா. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து வளர்ப்பினத்தின் வழிவந்தனவென்று கருதப்படும் குதிரைகள் அங்கே கட்டுப்பாடின்றித் திரிகின்றன. வடகீழ்ப் பருவமழை பெய்து புல் தழைத்தபின் அவை உடல் தேறி நிற்கும்; கோடை முற்றிப் புல் கருகிக் குட்டைகளில் நீர் வற்றும்போது விலா எண்ணும்படி மெலியும். சேணம் சுமவாத அக்குதிரைகளுக்கு அதனாற் புண் உண்டாவதில்லை. ஆனால் அத்தகைய குதிரை ஒன்றுக்குத் தை மாதத்திலே சேணம் அளந்து, அதையே ஆவணியில் வைத்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். சினைப்படுதலும் உடலின் அமைப்பை மாற்றும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நான்காவது காரணம் நாம் எதிர்பாராதது. அதுவே சேணம். இறுக்கமான சேணத்தின்கீழ் நாள்தோறும் நசுங்கும் தசை மெல்ல மெல்ல வற்றுகிறது. பிடர்மேட்டுக்குப் பின்னே, தோளின் இருபுறமும் கை அமிழும்படி குழி விழுகிறது. ஆகவே முதுகின் மாற்றத்துக்கு ஏற்பச் சேணத்தை மாற்றாவிடில், சேணமே முதுகைத் தனக்கேற்ப மாற்றத் தொடங்கிவிடும்.

இம்மாற்றங்கள் ஆண்டுக்கணக்கில் மாத்திரம் நிகழ்வன என்று கொள்ளலாகாது. இங்கிலாந்திலே மிருக வைத்தியர் சூ டைசன் முதலானோர் குதிரைகளின் முதுகை ஓராண்டுக் காலம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, அதன் வடிவம் ஓராண்டுக்குள்ளேயே மாறுவதைப் பதிவு செய்தனர். அரைமணி நேரப் பயிற்சியின் பின்னர்கூட முதுகின் அகலம் சிறிது கூடுவதை அவர்கள் கண்டனர். கொட்டிலிலே நிற்கும்போது சரியாயிருந்த சேணம் ஓட்டத்தின் முடிவில் இறுக்கமாகலாம் என்பது இதனாற் பெறப்படும்.

பொருந்தாமையின் விளைவு

குதிரை தடித்து, சேணம் ஒடுங்கியதாய் நின்றால், முன்வளைவின் இரு முனைகளும் தோளுக்குப் பின்னே குத்தும். சேணத்தின் முன்பகுதி உயர்ந்து, ஏறுபவர் பின்னே சரிவார். குதிரை மெலிந்து, சேணம் அகன்றதாய் நின்றால், முன்பகுதி தாழ்ந்து பிடர்மேட்டின் எலும்பிலே படியும். ஏறுபவர் முன்னே சரிவார். முதுகின் வளைவைவிடச் சேணத்தின் அடி நேராக இருந்தால், அது பாலம்போல முன்னும் பின்னும் மாத்திரம் ஊன்றி, நடுவே இடைவெளி விடும். முதுகைவிடச் சேணத்தின் அடி மிக வளைந்திருந்தால், தொட்டில்போல நடுவில் ஊன்றி முன்னும் பின்னும் ஆடும். இந்நான்கினுள்ளும் முதலாவதே மிகக் கொடியது. ஏனெனில் அது தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும். ஒடுங்கிய சேணம் தசையை வற்றச் செய்கிறது. தசை வற்றியதும் அங்கே வெற்றிடம் தோன்றுகிறது. அதைக் கண்டவன் இப்போது சேணம் தாராளமாக இருக்கிறதென்று மகிழ்கிறான்.

வேறொருவன் குதிரை நோவதை உணர்ந்து இரக்கத்தால் தடித்த விரிப்பொன்றைச் சேணத்தின்கீழ் இடுகிறான். சப்பாத்து இறுகிக் கால் கடிக்கும்போது இரண்டு சோடி காலுறை அணிந்தால் என்ன சுகம்? இரக்கம் நல்லதே; ஆனால் இங்கே அது வேதனையை இரட்டிக்கிறது.

நெடுநேரம் நசுங்கிய தசையிலே நுண்ணிய குருதிக் குழாய்கள் அடைபடும். நெடுநாள் படுக்கையிற் கிடக்கும் நோயாளிக்குப் புண் உண்டாவதும் இவ்வாறே. முதலில் வீக்கம், பின்னர் மயிர் உதிர்தல், பின்னர் புண். புண் ஆறியபின் அவ்விடத்திலே வெள்ளை மயிர் முளைக்கும். மயிருக்கு நிறமூட்டும் அணுக்கள் அழிந்தமையே காரணம். கபில நிறக் குதிரையின் பிடர்மேட்டின் இருமருங்கும் வெள்ளைத் திட்டுக்களைக் கண்டால், அவற்றை அழகென்று எண்ணாதீர்கள். அவை ஒரு பழைய சேணம் எழுதிவைத்த வரலாறு.

போர்க்களம் கற்பித்த பாடம்

இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவிலே பிரித்தானியருக்கும் போயருக்கும் நடந்த போரை நாம் அறிவோம். இலங்கையிலிருந்து குதிரைமீது சென்று போரிடும் காலாட்படையின் ஒரு பிரிவு 1900இல் அங்கே அனுப்பப்பட்டது. அங்கே சிறைப்பட்ட போயர் ஆயிரக்கணக்கில் நம் தியத்தலாவைக்குக் கொணரப்பட்டனர். அப்போரிலே பிரித்தானியப் படை இழந்த குதிரைகளின் தொகை மூன்று இலட்சத்துக்கும் மேல். எதிரியின் குண்டுக்கு இரையானவை அவற்றுட் சிறு பகுதியே. நீண்ட கடற்பயணம், குறைந்த தீனி, ஓய்வற்ற ஓட்டம், நோய் என்பவையே பெரும்பகுதியைக் கொன்றன. ஊரிலே கொழுத்திருந்த முதுகுக்கு அளவான சேணம் போர்க்களத்திலே மெலிந்த முதுகைத் தின்றது. புண்பட்ட முதுகோடு பின்தங்கிய குதிரைகள் எண்ணிறந்தன.

இவ்வாறு நேரும் என்று முன்னரே எச்சரித்தவர் இல்லாமலில்லை. படையின் மிருக வைத்தியரான பிரடெறிக் சிமித் 1891இலேயே சேணங்களையும் முதுகுப் புண்களையும் பற்றித் தனி நூலொன்று எழுதியிருந்தார். சேணத்தின்கீழ் இடும் போர்வையை மடிக்கும் முறையை மாற்றி, மெலிந்த முதுகின் வெற்றிடத்தை நிரப்பும் வழக்கமும் படையில் இருந்தது. போருக்குப் பின்னர், 1912ஆம் ஆண்டு மாதிரிச் சேணத்திலே இரும்பு வளைவுகளோடு பக்கப்பலகைகள் கீல்போல அசையும்படி இணைக்கப்பட்டன. முதுகு அகன்றால் பலகைகளும் சாய்ந்து அகலும், மெலிந்தால் நிமிரும். குதிரை மாறும் என்பதைச் சேணம் செய்வோரே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

அளவெடுக்கும் முறை

குதிரையைச் சமதரையிலே நான்கு கால்களும் ஒழுங்காக ஊன்ற நிறுத்தவேண்டும். தலை இயல்பான உயரத்தில் இருக்கட்டும். குனிந்து புல் தின்றால் அளவு பிழைக்கும். வரைபடம் வரைவோர் பயன்படுத்தும் வளையும் அளவுகோல் ஒன்று வேண்டும். வளைத்த வடிவிலேயே நிற்கும் ஈயப்பட்டையும் போதும்.

தோட்பட்டையின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டு, அதற்கு இரண்டு மூன்று விரற்கடை பின்னே அளவுகோலை முதுகுக்குக் குறுக்காக அழுத்தி, அவ்வடிவத்தைக் கடதாசியில் வரைந்துகொள்க. சேணத்தின் நடுப்பகுதி வருமிடத்தில் இரண்டாவது கோடும், கடைசி விலாவின் அருகே மூன்றாவது கோடும் வரைக. பின்னர் பிடர்மேட்டிலிருந்து பின்னோக்கி நீளப்பாட்டில் முதுகின் வளைவை வரைக. ஒவ்வொரு கோட்டின் அருகிலும் இடம், வலம் என்பதையும் தேதியையும் குறிக்க மறவாதீர்கள். தேதியில்லாத அளவு பயனற்றது.

இரண்டு அல்லது மூன்று மாதம் கழித்து அதே இடங்களில் அளந்து, புதிய கோட்டைப் பழைய கோட்டின்மீது வைத்துப் பார்த்தால், கண்ணுக்குப் புலப்படாத மாற்றம் கடதாசியிலே புலப்படும். நாள்தோறும் பார்ப்பவனுக்கே மாற்றம் தெரிவதில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான் என்பதை விடுமுறைக்கு வரும் மாமனார் அல்லவா முதலிற் கண்டு சொல்கிறார்!

இனிச் சேணத்தைச் சோதிக்கும் முறை. விரிப்பு எதுவுமின்றி வெறும் முதுகிலே, பிடர்மேட்டுக்குச் சற்று முன்னே வைத்து, மயிர் படிந்த திசையிலே பின்னோக்கி நகர்த்தினால் சேணம் தன் இடத்தைத் தானே கண்டு நிற்கும். வாரைப் பூட்டுமுன் முன்வளைவின் கீழே உள்ளங்கையை நுழைத்து மேலிருந்து கீழே நகர்த்துக. எங்கும் ஒரே அளவாகத் தொடவேண்டும். ஓரிடத்தில் நசுங்கி ஓரிடத்தில் தளர்ந்தால் பொருத்தமில்லை. ஏறுபவர் அமர்ந்தபின்னும் பிடர்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பின்னிருந்து பார்த்தால் நடுச்சாலின் வழியே வெளிச்சம் தெரியவேண்டும்.

ஓட்டம் முடிந்து சேணத்தை எடுத்ததும் வியர்வையைப் பார்க்க வேண்டும். எங்கும் நனைந்திருக்க ஓரிடம் மாத்திரம் உலர்ந்திருந்தால் ஐயுறுக. அங்கே சேணம் அளவுக்கு மீறி அழுத்தியிருக்கலாம். அல்லது தொடாமலே இருந்திருக்கலாம். எதுவென்று கண் சொல்லாது, விரல் சொல்லும். அவ்விடத்தை மெல்ல அழுத்தும்போது குதிரை முதுகைத் தாழ்த்தினாலோ தோலைச் சிலிர்த்தாலோ விடை கிடைத்துவிட்டது. கொழும்பின் புழுக்கத்திலே மெத்தைக் கம்பளி வியர்வையை உறிஞ்சி விரைவில் கட்டிபடும் என்பதையும் நினைவிற் கொள்க. அதனை அடிக்கடி உலர்த்தி, கட்டிபட்டதை உதறித் திணித்தல் வேண்டும்.

திருத்தும் முறை

திருத்துவதிலே ஒரு விதி தலையாயது. அகன்றதை நிரப்பிச் சிறிதாக்கலாம். ஒடுங்கியதை நிரப்பிப் பெரிதாக்க முடியாது. ஆகவே வளரும் குதிரைக்கும், நோயினின்று தேறிவரும் குதிரைக்கும், பந்தயத்தைவிட்டு வந்த குதிரைக்கும், அது அடையவிருக்கும் அகலத்தை எண்ணிச் சற்று அகன்ற சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதைய வெற்றிடத்தை விரிப்பின் பைகளிலே மெல்லிய தகட்டு மெத்தைகளைச் செருகி நிரப்பலாம். தசை திரளத் திரள அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். குதிரையின் இரு தோள்களும் சமமாக இல்லாவிடில், பெரிய தோளுக்குச் சேணத்தைப் பொருத்திச் சிறிய தோளின் பக்கத்தை நிரப்புக.

சிறு மாற்றத்துக்கு மெத்தைக் கம்பளியைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்தல் போதும். அது பழகிய கைவினைஞரின் வேலை. வெளியே தெரியும் ஒரு சிறு கட்டி உள்ளே கல்லாக உறுத்தும். இன்று முன்வளைவைக் கழற்றி வேறு அகலமுள்ளதைப் பூட்டத்தக்க சேணங்களும் கிடைக்கின்றன. அவை உதவியானவையே. ஆயினும் அவை முன்பகுதியின் அகலத்தையே மாற்றும். நீளத்தையும் அடியின் வளைவையும் மாற்றா. பெரும் மாற்றம் நேர்ந்த குதிரைக்கு வேறு சேணமே வேண்டும். அதற்குப் பொருள் இல்லையாயின், பொருள் சேரும்வரை குதிரையைக் கையிற் பிடித்து நடத்திப் பயிற்றுவதே முறை. முதுகில் வீக்கமோ புண்ணோ கண்டால், எவ்வளவு மெல்லிய விரிப்பு இட்டாலும் ஏறலாகாது. மிருக வைத்தியர் பார்த்து, புண் முற்றாக ஆறிய பின்னரே சேணம்.

முடிவுரை

“பாராத பயிர் கெடும்” என்பர் நம் முன்னோர். பாராத முதுகும் அவ்வாறே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடதாசி, ஒரு பென்சில், கால்மணி நேரம், இவ்வளவே இதற்கு வேண்டிய செலவு. அதனைச் செய்யாதவன் செலுத்தாத கடனை வாய் பேசாத ஓருயிர் தன் தசையால் செலுத்துகிறது.

அடுத்த சித்திரை விடுமுறையிலே நுவரெலியாவுக்குச் செல்வோர், பிள்ளையைக் குதிரைமீது ஏற்றுமுன் ஒரு நொடி நின்று பாருங்கள். பிடர்மேட்டின் இருமருங்கும் வெள்ளை மயிர் உண்டா? தோளுக்குப் பின்னே குழி விழுந்துள்ளதா? சேணத்தின் முன்வளைவு எலும்பிலே படிகிறதா? உண்டெனில், கூலியைக் குறைத்துப் பேசுவதை விட்டு, குதிரைக்காரத் தம்பியிடம் அன்பாக எடுத்துச் சொல்லுங்கள். அக்குதிரையே அவன் பிழைப்பு. அதன் முதுகு கெட்டால் அவன் அடுப்பும் அணையும். வெறுப்பாகச் சொன்னால் அவன் கேளான். விளங்கச் சொன்னால் கேட்பான்.

மாணவருக்கு ஒரு சொல். மாட்டேனென்று மறுக்கும் ஓர் உயிரைக் கண்டவுடன் அது கெட்டதென்று தீர்ப்புக் கூறுதல் எளிது. அதன்மேல் நாம் ஏற்றிவைத்தது இன்றைய அளவுக்குப் பொருந்துகின்றதா என்று பார்த்தல் சற்றுக் கடினம். கடிவாளத்துக்கு வாய் மூடும் குதிரையைக் கண்டால் முதலில் அதன் வாயைப் பாருங்கள். சேணத்துக்கு முகம் சுளிக்கும் குதிரையைக் கண்டால் முதலில் அதன் முதுகைப் பாருங்கள். பழமொழியைச் சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.